தார்ப் புறா

லாரியிலிருந்து இறக்கிய எட்டு அட்டைப்பெட்டிகளில் முதல் பெட்டியைத் தூக்கும்போதே தமிழ்வாணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே சரளைக்கல்லைக் குலுக்கியது போலச் சத்தம் கேட்டது. முழுத் தட்டுகள் அடுக்கிய பெட்டி அப்படிச் சத்தம் போடாது.

"பிரிங்கண்ணே," என்றாள்.

கிளப் செயலாளர் அழகுபாண்டி வண்டிச் சாவியால் டேப்பைக் கிழித்தார். ஆரஞ்சும் கறுப்புமாகச் சில்லுகள். இரண்டாவது பெட்டியிலும் அதேதான். வழியில் எங்கோ இந்தப் பெட்டிகளின் மேல் மோட்டார் பம்புகளை ஏற்றியிருக்கிறார்கள். எட்டையும் தார்ப்பாயில் கொட்டிப் பொறுக்கியதில் உடையாதவை தொண்ணூறு தேறின. ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு முந்நூற்றைம்பதாவது வேண்டும். அன்று புதன்.

மண்புறா என்பது இந்தத் தட்டுகளுக்குப் பெயர் மட்டும்தான். கவிழ்த்துவைத்த சாஸர் போல, உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. குழிக்குள் இருக்கும் எந்திரம் அதை வானத்தில் வீசும். தரையில் விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். பேரையூருக்கு மேற்கே கருவேலம் வெட்டிச் சுத்தம் செய்த பன்னிரண்டு ஏக்கர் கரிசலில், ஒன்றரை வருடமாக இந்தத் துப்பாக்கி சுடும் கிளப் நடக்கிறது. வெளியூர் அணிகளை அழைத்து நடத்தும் முதல் போட்டி இது. கோயம்புத்தூர், திருச்சி, சென்னை என்று மூன்று ஊர்க்காரர்கள் வருகிறார்கள். மதுரை அணியின் மூன்று பேரில் தமிழ்வாணி ஒருத்தி.

தட்டு அனுப்பிய கம்பெனிக்கு அழகுபாண்டி போன் செய்தார். புதிதாக அனுப்பப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில்தான் அவருடைய அப்பா பேயாண்டி மொபெட்டில் வந்து இறங்கினார். நிலம் அவருடையது. எழுபது வயதிலும் குரல் எட்டு வயல் தாண்டும்.

"என்னடா, எல்லாம் நொறுங்கிப் போச்சாமுல்ல?"

"ஆமாப்பா. போட்டிய நிப்பாட்ட வேண்டியதுதான்."

"எதுக்கு நிப்பாட்டுற? ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. பேயாண்டி மகன் ஆளக் கூப்புட்டுட்டு முழிச்சுக்கிட்டு நின்னான்னு பேச்சு வரணுமா? உசுருள்ள புறாவ விடு. உசிலம்பட்டியில ஒருத்தன் கெணத்துப் புறா பிடிக்கிறவன் இருக்கான். எறநூறு கேட்டிருக்கேன். சனிக்கெழம காலைல கூண்டோட வந்துரும்."

அழகுபாண்டி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர்.

"அது நடக்காதுங்கய்யா," என்றாள் தமிழ்வாணி.

பேயாண்டி அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தார். "நீ செல்லக்கிளி மக தான?"

"ஆமாங்கய்யா."

செல்லக்கிளி அவருடைய பருத்திக்காட்டில் பதினைந்து வருடம் கூலிக்குப் பஞ்செடுத்தவள். அது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை.

"வெள்ளைக்காரன் ஆரம்பிச்ச வெளாட்டு இது. அவனே புறாவத்தான சுட்டான்? இல்லேன்னு சொல்லு பாப்போம்."

"சரியாத்தான் சொல்றீங்க. மொதல்ல புறாதான். இங்கிலாந்துல தரையில குழி தோண்டி, உள்ள புறாவ வச்சு, பழைய தொப்பியப் போட்டு மூடுவாங்க. சுடுறவன் கத்துனதும் கயித்த இழுப்பாங்க. தொப்பி சாஞ்சு புறா பறக்கும். இன்னைக்கும் நாங்க சுடுறதுக்கு முன்னாடி 'புல்'னு கத்துறோமே, அது கயித்த இழுன்னு சொல்றதுதான்."

"அப்பறம் என்ன?"

"அப்பறம் அவங்களே விட்டுட்டாங்கய்யா. பாத்த ஜனங்களுக்கே பொறுக்கல. புறாவும் வேணுங்கிற அளவுக்குக் கெடைக்கல. கண்ணாடி உருண்டைய எறிஞ்சு பாத்தாங்க, மண்ணுத் தட்ட எறிஞ்சு பாத்தாங்க. நூறு வருசத்துக்கு முன்னாடியே இங்கிலாந்துல சட்டம் போட்டு நிப்பாட்டியாச்சு. நம்ம ஊருலயும் அது குத்தம். ஒரு புறா விழுந்தாலும் வந்தவுக அத்தன பேரு லைசென்சும் போகும். கெளப்புக்குப் பூட்டுத்தான்." கொஞ்சம் நிறுத்தினாள். "சட்டம் இல்லேன்னாலும் நான் துப்பாக்கியத் தொட மாட்டேன்."

"பெறகு எதச் சுடுவ? காத்தையா?"

"தட்ட நான் செஞ்சு தாரேன். சனிக்கெழம மத்தியானம் வரைக்கும் டயம் குடுங்க."

"செய்யலேன்னா?"

"நானே எல்லா ஊருக்கும் போன் போட்டுப் போட்டி இல்லேன்னு சொல்லிர்றேன். அப்பவும் புறா பறக்காது."

பேயாண்டி மீசைக்குள் சிரித்தார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லி மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். புறாக்காரனுக்கு வேண்டாம் என்று அவர் போன் செய்யவில்லை.

தமிழ்வாணி வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. தல்லாகுளத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ஏழு வருடமாக ரோட்டுத் தாரைச் சோதிப்பதுதான் அவளுக்கு வேலை. எந்தத் தார் எத்தனை டிகிரியில் இளகும், எது வளையும், எது படக்கென்று முறியும் என்பது விரல் நுனியில் இருந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் ரைஃபிள் பிடித்தவள், அங்கிருந்து இந்த விளையாட்டுக்கு வந்தாள். வந்த முதல் மாதத்திலேயே இந்தத் தட்டு எதனால் ஆனது என்று ஒன்றை இடித்து உருக்கிப் பார்த்திருக்கிறாள். மண்புறாவில் மண்ணே கிடையாது. சுண்ணாம்புக்கல் மாவும் கெட்டித் தாரும்தான்.

ஆனால் அழகுபாண்டிக்கு நம்பிக்கை வரவில்லை.

"தங்கச்சி, ஃபியூஸ் போன பல்பு இருக்குல்ல? கரெண்டு ஆபீஸ் பக்கம் கேட்டா மூடையா கெடைக்கும்."

"கண்ணாடி உருண்டைய விட்டதே அதுக்குத்தாண்ணே. சுட்ட எடமெல்லாம் கண்ணாடிச் சில்லு. இங்க தெனம் நூறு ஆடு மேயுது."

"அப்ப மண்ணுத் தட்டு? பூந்தொட்டிக்கு அடியில வைப்பாங்கள்ல, அது கடையிலயே இருக்கு. பேரே மண்புறாதான?"

வேண்டாம் என்று சொன்னால் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். "வாங்கிட்டு வாங்கண்ணே, பாத்துருவோம்," என்றாள்.

சாயங்காலம் வெயில் தாழ அவர் இருபது சுட்டமண் தட்டுகளோடு வந்தார். எந்திரத்தில் வைத்து வீசினார்கள். முதல் தட்டு எழும்பியதும் தமிழ்வாணி சுட்டாள். 'ணங்' என்று கோயில் மணியைச் சுண்டியது போல ஓசை எழுந்தது. தட்டு ஒருமுறை திரும்பி, முழுசாகத் தரையில் போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் ணங். நான்காவது தட்டில் ஓரம் மட்டும் பெயர்ந்தது. அழகுபாண்டி ஓடிப்போய் ஒன்றை எடுத்துவந்தார். தோட்டாவிலிருந்து சிதறும் ஈய ரவைகள் பட்ட இடத்தில் கறை புள்ளி புள்ளியாக இருந்தது. கீறல்கூட இல்லை.

"என்னம்மா இது, பட்டும் ஒடைய மாட்டேங்குது?"

"மொத மொதல்ல இதச் செஞ்சவருக்கும் இதே கததாண்ணே. அமெரிக்காவுல ஒருத்தர். தண்ணிக்கரையில பிள்ளைக சிப்பிய வீசி வெளாண்டத பாத்துட்டு, இதே மாதிரி தட்டப் பறக்க விட்டா என்னன்னு தோணுச்சாம். மண்ணுல செஞ்சு சூளையில சுட்டாரு. பறந்துச்சு. ஆனா ஒடைய மாட்டேன்னுருச்சு, மணி மாதிரி அடிச்சுச்சு. பெறகுதான் தாரும் சுண்ணாம்பும் வந்துச்சு. பேரு மட்டும் மண்ணுலயே நின்னு போச்சு."

"இது முன்னாடியே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க காதால கேட்டா நம்ப மாட்டீங்க."

அழகுபாண்டி வாய்விட்டுச் சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை தமிழ்வாணி அலுவலகத்துக்கு இரண்டு நாள் லீவு சொன்னாள். அவள் கணவன் சிவபாண்டிக்கு அலங்காநல்லூர் ரோட்டில் லேத் பட்டறை. உடையாத தட்டு ஒன்றை அவன் மேசையில் வைத்து, "இதே மாதிரி அச்சு வேணுங்க. மேலுக்கு ஒண்ணு, கீழுக்கு ஒண்ணு, நாலு செட்டு," என்றாள்.

சிவபாண்டி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எப்பக்குள்ள?"

"பத்து மணிக்குள்ள."

"இப்ப மணி எட்டு."

"அதான் சொல்றேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வார்த்த சொல்லலியே நீ," என்று முனகிக்கொண்டே மெஷினை ஓட விட்டான். முதல் அச்சு பத்துக்குள் தயாரானது. நான்காவது பன்னிரண்டுக்கு.

அதற்குள் அவள் கீழமாசி வீதிக்குப் போய் கோலமாவு மூன்று மூட்டை வாங்கி ஆட்டோவில் ஏற்றியிருந்தாள். வாசலில் போடும் வெள்ளைக் கல்மாவுதான். அவள் கேட்ட கடையில் அது சுண்ணாம்புக்கல்லை அரைத்தது. இரண்டு சொட்டு அமிலம் விட்டு, நுரைக்கிறதா என்று கடை வாசலிலேயே பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள். கடைக்காரர் இந்த அம்மா கோலம் போடப் போகிறவள் இல்லை என்று முடிவு செய்துகொண்டார். தாருக்கு, ரோடு போடும் இளகிய ரகம் ஆகாது. மொட்டைமாடி ஒழுகாமல் பூசுகிற கெட்டி ரகம் இரண்டு கட்டி எடுத்தாள்.

பட்டறை வாசலில் இரும்புக் கொப்பரையில் தாரை உருக்கினாள். முதல் கலவையில் மாவும் தாரும் சரிக்குச் சரி. அச்சிலிருந்து வழவழவென்று அழகாக வந்தது. பத்து நிமிடம் வெயிலில் வைத்ததும் ஓரம் நெளிந்து அப்பளம் போலானது. பறக்கவிட்டால் தலைசுற்றிய கோழி மாதிரித்தான் போகும். இரண்டாவது கலவையில் தாரை ஒரேயடியாகக் குறைத்தாள். அழகுபாண்டி வேனில் ஏற்றிவந்திருந்த கை எந்திரத்தை, பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நிறுத்தி இழுத்துப் பார்த்தார்கள். தட்டு எந்திரத்தின் கையிலேயே பொடிந்து எல்லார் முகத்திலும் வெள்ளை பூசியது.

"போதும்மா, புறாவே தேவல," என்றான் சிவபாண்டி இமையைத் துடைத்துக்கொண்டு.

"இனிமே ரெண்டுக்கும் நடுவுலதான. பக்கத்துல வந்துட்டோம்," என்றாள் அவள்.

மூன்றாவது கலவையில் மாவு இரண்டு பங்கு, தார் ஒரு பங்கு. அச்சில் அழுத்தி, அழுத்தியபடியே தண்ணீரில் முக்கி எடுத்தாள். கம்பெனித் தட்டு ஒன்றையும் தன் தட்டு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரும்புக் குண்டை ஒரு முழ உயரத்திலிருந்து விட்டாள். இரண்டும் ஒரே மாதிரி நாலு துண்டாயின. பிறகு எந்திரத்தில் ஏற்றினார்கள். கயிற்றை இழுத்ததும் கறுப்புத் தட்டு விர்ரென்று சுழன்று, அடுத்த மனையின் தென்னைக்கு மேலே நேர்க்கோட்டில் போய், அந்தப் பக்கம் இறங்கியது.

தமிழ்வாணி அப்போதே அடுத்த கொப்பரைக்கு மாவை அளக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை. சிவபாண்டி கைப்பிரஸ்ஸை அழுத்த, அழகுபாண்டி தண்ணீரில் முக்கி எடுக்க, தமிழ்வாணி ஒவ்வொன்றையும் தராசில் வைத்தாள். நூற்றைந்து கிராம். இரண்டு கிராம் கூடினாலும் குறைந்தாலும் உடைத்து மறுபடி கொப்பரையில் போட்டாள். "இம்புட்டுக் கறாரா?" என்று கேட்ட அழகுபாண்டி, நூறாவது தட்டுக்கு மேல் தானே தராசைப் பார்த்து ஒதுக்க ஆரம்பித்தார். பொழுது சாயும்போது முந்நூற்று நாற்பது தட்டுகள் ஆரஞ்சு பெயின்ட் அடித்து நிழலில் அடுக்கியிருந்தன.

ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட இன்னும் யாரும் சுட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பேரையூர் மைதானத்துக்குத்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு அவர்கள் போனபோது பேயாண்டி வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய மூங்கில் கூண்டு. உள்ளே சாம்பல்நிறப் புறாக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முண்டிக்கொண்டிருந்தன. மூடியில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அவள் சொன்ன கதையை அவர் மறக்கவில்லை.

"கொண்டாந்துட்டியா?"

"கொண்டாந்துட்டேங்கய்யா. பத்து சுடுறேன். நீங்களே எண்ணுங்க."

துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்துத் தோளில் பொருத்தினாள். வேர்வையில் கட்டை கொஞ்சம் வழுக்கியது. இரண்டு நாள் வேலை செய்த மணிக்கட்டு கனத்தது. ஒருமுறை மூச்சை ஆழ இழுத்து விட்டாள். கலவை சரி, எடை சரி. மிச்சம் இருப்பது சுடுவதுதான், அதுவும் தனக்குத் தெரிந்த வேலைதான்.

"புல்!"

தட்டு குழியிலிருந்து சீறி வலப்பக்கம் போனது. குண்டு வெடித்த சத்தம் அடங்குவதற்குள் வானத்தில் ஒரு கறுப்புப் பூ விரிந்தது. சில்லுகள் பொலபொலவென்று கொட்டின. அழகுபாண்டி தன்னையறியாமல் விசில் அடித்தார். இரண்டு, மூன்று, நான்கு. ஏழாவது இடப்பக்கம் தாழப் போனதை அவள் தவறவிட்டாள். மற்ற ஒன்பதும் உடைந்தன.

பேயாண்டி எழுந்து வெயிலில் நடந்துபோய் ஒரு சில்லைப் பொறுக்கி முகர்ந்து பார்த்தார்.

"இது என்னத்துல செஞ்ச?"

"தாரும் கோலமாவுங்கய்யா."

"கோலமாவா!" சில்லை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். திரும்பிக் கூண்டைப் பார்த்தார். "அப்ப இதுகள என்ன செய்ய?"

தமிழ்வாணி துப்பாக்கியை மடக்கிக் காலிக் குழாய்களை அவருக்குத் தெரியும்படி காட்டிவிட்டு, அதைக் கைமேல் தொங்கப் போட்டுக்கொண்டாள். "கயிறு உங்க கையிலதான இருக்கு? இழுங்கய்யா."

அவர் கூண்டுப் பக்கம் போனார். பிறகு கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. மூடி சாய்ந்தது. புறாக்கள் உடனே வெளியே வரவில்லை. ஒன்று விளிம்பில் ஏறி நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அது எழும்பியதும் மொத்தக் கூண்டும் சடசடவென்று கிளம்பியது. முகத்தில் காற்று அடித்தது. கூட்டம் ஒருமுறை வட்டமடித்து மேற்கே மலைப்பக்கம் போவதைப் பேயாண்டி கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"சுட்டிருந்தா எத்தன விழுந்திருக்கும்?"

"பாத்தீங்களேங்கய்யா. பத்துக்கு ஒம்பது."

அவர் மொபெட் பக்கம் நடந்தார். போகும்போது மகனிடம், "நாளைக்குப் பந்தல்ல கடைசி வரிசைக்கும் ஃபேன் போடச் சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று ஊர் அணிகளும் எட்டு மணிக்கே வந்துவிட்டன. கோயம்புத்தூர் அணித் தலைவர் சூரியபிரகாஷ் மாநில அளவில் பெயர் எடுத்தவர். தட்டைக் கையில் எடுத்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏனுங்க மேடம், இது கம்பெனித் தட்டு இல்லீங்களே?"

"இல்லைங்க. நாங்க செஞ்சது. வந்த சரக்கு ஒடஞ்சு போச்சு." அவள் தராசை அவர் பக்கம் நகர்த்தினாள். "எத வேணும்னாலும் எடுத்து நிறுத்துப் பாருங்க. எல்லாருக்கும் இதே தட்டுதான். கம்பெனித் தட்டு எம்பதுக்கு மேல இருக்கு, சமனாச்சுன்னா தீர்ப்புக்கு வேணும்னா அத எடுத்துக்கலாம். ஒங்களுக்குச் சம்மதமில்லேன்னா இப்பவே சொல்லிருங்க."

சூரியபிரகாஷ் அடுக்குகளின் நடுவிலிருந்து ஆறு தட்டை உருவி நிறுத்தார். ஆறும் நூற்றைந்தைச் சுற்றியே நின்றன. மற்ற அணிக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். "சுட்ரலாமுங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க."

ஆளுக்கு இருபத்தைந்து தட்டு. நண்பகலுக்குள் பன்னிரண்டு பேரும் சுட்டு முடித்தார்கள். எந்திரத்திலேயே உடைந்தது மொத்தம் நான்குதான். தமிழ்வாணி இருபத்திரண்டு. சூரியபிரகாஷும் இருபத்திரண்டு. முதலிடத்துக்கு இரண்டு பேரும் ஆளுக்கொன்றாக மாறி மாறிச் சுட வேண்டும். யார் முதலில் தவறவிடுகிறாரோ அவர் இரண்டாமிடம்.

நடுவர், "கம்பெனித் தட்டா, உங்க தட்டா?" என்று கேட்டார்.

"மேடம் தட்டே இருக்கட்டுமுங்க," என்றார் சூரியபிரகாஷ். "கை பழகிருச்சு."

அவர் உடைத்தார். இவள் உடைத்தாள். ஐந்து சுற்று அப்படியே போனது. ஆறாவதில் அவர் உடைத்தார். தமிழ்வாணி 'புல்' என்று கத்தினாள். தட்டு நேராக எழும்பியது. அவள் குறியும் நேராகப் போனது. தட்டின் நடுவிலிருந்து மெலிசாகத் தூசி கிளம்பியதை எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் தட்டு முழுசாகவே போய்ப் புல்லில் இறங்கியது.

நடுவர் கையை உயர்த்தவில்லை. ஒரு சில்லாவது கண்ணுக்குத் தெரியப் பிரிந்தால்தான் கணக்கு. தூசி கணக்கில்லை.

"பட்டுச்சு! நான் பாத்தேன்! தூசி வந்துச்சுல்ல!" பேயாண்டியின் குரல் பந்தலைத் தூக்கியது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடுவரை நோக்கி நடந்தே வந்துவிட்டார்.

தமிழ்வாணி குறுக்கே போய் நின்றாள். "நடுவர் சரியாத்தான் சொல்றாருங்கய்யா. சட்டம் அப்படித்தான்."

"நம்ம தட்டு, நம்ம குண்டு, பட்டது தெரியுது. இதுல என்ன சட்டம்?"

"நம்ம தட்டுங்கிறதுனாலதான் நான் பேசக்கூடாது."

அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, முனகியபடி திரும்பிப் போய் உட்கார்ந்தார். சூரியபிரகாஷ் வந்து கைகொடுத்தார். "நீங்க தோத்தது எங்கிட்ட இல்லீங்க, உங்க தட்டுகிட்ட," என்றார். அடுத்த மாதம் கோயம்புத்தூர்ப் பயிற்சிக்கு ஆயிரம் தட்டு செய்து தர முடியுமா என்று அங்கேயே கேட்டார். "தாரேன்," என்றாள் அவள், சிவபாண்டியைத் திரும்பிப் பார்க்காமலே. பிரஸ்ஸை அழுத்தி அழுத்தி இரண்டு தோளும் வீங்கிப்போன சிவபாண்டி வானத்தைப் பார்த்தான்.

பரிசு கொடுத்து முடிந்து கூட்டம் கலையத் தொடங்கியதும் தமிழ்வாணி மைதானத்துக்குள் நடந்தாள். ஆடு மேய வருவதற்குள் சில்லுகளைக் கூட்டி அள்ள வேண்டும். அள்ளினால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். ஆனால் முதலில் அவள் தேடிப்போனது அந்த ஒரு தட்டை. இருநூறடி தூரத்தில், கோரைப்புல்லில் குப்புறக் கிடந்தது. எடுத்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நடுவில் மூன்று துளைகள், ஊசியால் குத்தியது போல. துளை வழியே வெளிச்சம் தெரிந்தது. விரிசல் ஒன்றுகூட ஓடவில்லை.

பின்னாலேயே கோணிச்சாக்கோடு வந்த சிவபாண்டி எட்டிப் பார்த்தான். "மூணு ரவை பட்டிருக்கா? வெறுப்பா இருக்கா?"

"இந்தக் கலவைக்கு மட்டும் கொஞ்சம் சூடு கூடிப்போயிருக்குங்க. நடு கெட்டியா எறுகிருச்சு." கட்டைவிரலால் துளையைத் தடவிப் பார்த்தாள். "கொப்பரைக்கு ஒரு தெர்மாமீட்டர் வச்சா சரியாப் போயிரும். நாளைக்கு ஆபீஸ் போறப்ப பழசு ஒண்ணு கேட்டுப் பாக்குறேன்."

தட்டைச் சாக்கில் போடாமல் தோள்பையில் வைத்துக்கொண்டு, குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.